பேச்சு எந்த இடத்தில் குற்றமாகிறது? தேசப் பாதுகாப்புச் சட்ட வழக்குகள் பற்றிய கேள்வி பதில்

அரசியல் கருத்துக்காகத் தேசத்துரோகப் பிரிவிலும், ‘உபா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்திலும் வழக்குப் பதிவாகும்போது என்ன நடக்கிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். குற்ற வழக்குகளில் எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில், நீண்ட காலமாக வாதாடி வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

சட்டக் கல்லூரி மாணவி ஒருவர்: 124-ஏ பிரிவு போய்விட்டது என்கிறார்கள். இனி தேசத்துரோக வழக்கே கிடையாதா, ஐயா?

பிரிவு எண் போய்விட்டது, வழக்கு போகவில்லை. 1860-இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870-இல்தான் 124-ஏ சேர்க்கப்பட்டது. சட்டப்படி நிறுவப்பட்ட அரசின் மீது வெறுப்பையோ பற்றின்மையையோ தூண்டுவது அதன்படி குற்றம். அக்காலத் தமிழர்கள் இதனை ‘ராஜ நிந்தனை’ என்றார்கள். என் பார்வையில் அதுவே சரியான சொல். பிற்காலத்தில் நாம் ‘தேசத்துரோகம்’ என்று எழுதப் பழகியதால், அரசு வேறு, தேசம் வேறு என்ற அடிப்படை வேறுபாடே பொதுமக்கள் மனத்தில் மங்கிவிட்டது. வ.உ.சிதம்பரனார் 1908-இல் திருநெல்வேலியில் இந்தப் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டார். பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்கு உறுதுணையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை என மொத்தம் 40 ஆண்டுகளை நீதிபதி பின்ஹே விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்து 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார் என்றாலும், அதற்குள் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்துவிட்டார்கள்.

2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 124-ஏ பிரிவை நிறுத்தி வைத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவு இல்லை. அதன் இடத்தில் 152-ஆவது பிரிவு இருக்கிறது. ‘அரசின் மீதான வெறுப்பு’ என்ற சொற்கள் அதில் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி ஆகியவற்றோடு ‘நாசவேலை’, ‘பிரிவினை உணர்வுகளை ஊக்குவித்தல்’, ‘நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு விளைவித்தல்’ என்ற விரிந்த சொற்களும் சேர்ந்துள்ளன. பழைய பிரிவில் ஆயுள் தண்டனைக்கு மாற்றாக 3 ஆண்டுவரை சிறையோ வெறும் அபராதமோ விதிக்க இடமிருந்தது. புதியதில் மாற்றுத் தண்டனை 7 ஆண்டுவரை சிறை. அபராதம் மட்டும் விதித்து விட்டுவிட வழியில்லை. ‘வேண்டுமென்றே அல்லது தெரிந்தே’ என்ற சொற்கள் சேர்ந்திருப்பது நமக்குச் சாதகமானது. வாதாடும்போது நான் முதலில் பற்றுவது அந்தச் சொற்களைத்தான்.

பத்திரிகையில் பணிபுரியும் வாசகர்: அரசைக் கடுமையாக விமர்சிப்பதற்கும் குற்றத்துக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது?

1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கோட்டைப் போட்டது. எவ்வளவு கடுமையான சொற்களாக இருந்தாலும் வன்முறையைத் தூண்டாத வரையில், பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமோ போக்கோ இல்லாத வரையில், அது குற்றமாகாது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட சில மணி நேரத்தில், சண்டிகரில் ஒரு திரையரங்குக்கு வெளியே இரண்டு அரசு ஊழியர்கள் காலிஸ்தான் ஆதரவு முழக்கங்களை எழுப்பினார்கள். அதைவிடப் பதற்றமான நாளைக் கற்பனை செய்வது கடினம். அந்த வழக்கிலேயே, ஓரிரு முறை எழுப்பிய முழக்கத்தால் யாரும் தூண்டப்படவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த ஆண்டு 1995 என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அனுபவமும் இதுதான். 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ ‘பொடா’ என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். தடை செய்யப்பட்ட இயக்கத்துக்கு வெறும் தார்மிக ஆதரவு தெரிவிப்பது, பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இல்லாத வரையில், அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதற்குள் அவர் ஓராண்டுக்கும் மேலாக வேலூர்ச் சிறையில் இருந்துவிட்டார். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் உட்கார்ந்திருந்த மீனவர்கள் மீதும் பெண்கள் மீதும் ஆயிரக்கணக்கில் 124-ஏ பாய்ந்தது. மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காகப் பாடகர் கோவன் 2015 அக்டோபரில் நள்ளிரவில் கைது செய்யப்பட்டார். பாட்டுக்கும் கோரிக்கைக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது என்பதற்குப் புதிய தீர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை. 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பே போதுமானதாக இருந்தது. கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. வழக்குப் பதிவு செய்யும் இடத்தில் அதைப் பார்ப்பவர் இல்லை என்பதே என் வருத்தம்.

கல்லூரி ஆசிரியர் ஒருவர்: மற்றவர் எழுதிய பதிவைப் பகிர்ந்தாலும் வழக்கு வருமா?

வரலாம். ஆயினும், பேச்சு எழுத்து சார்ந்த வழக்குகளைப் பற்றி 2025 மார்ச்சில், நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி பகிர்ந்த ஒரு கவிதை தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமாக இருந்தால், முதல் தகவல் அறிக்கைக்கு முன்பே தொடக்க விசாரணை நடத்துவது பொருத்தம் என்றது. சொற்களின் விளைவை உறுதியான மனமும் துணிவும் உள்ள மனிதரின் அளவுகோலால் எடைபோட வேண்டும், எதற்கெடுத்தாலும் அஞ்சுகிறவரின் அளவுகோலால் அல்ல என்றும் கூறியது. 152-ஆவது பிரிவின் தண்டனை ஆயுள்வரை செல்வதால் அந்தத் தொடக்க விசாரணை அதற்குக் கிடைக்காது. அளவுகோலைப் பற்றிய வாதம் மட்டும் அங்கேயும் செல்லும்.

தனியார் நிறுவன ஊழியர்: கொலை வழக்கில்கூட மூன்று மாதத்தில் ஜாமீன் கிடைக்கிறதே. உபா வழக்கில் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்கிறார்கள்?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

உபா 1967-ஆம் ஆண்டுச் சட்டம். பொடாவுக்கு முந்தைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா 1995-இல் காலாவதியாகி, பொடா 2004-இல் நீக்கப்பட்டபோது, பொடாவின் பயங்கரவாதப் பிரிவுகளை உபாவுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் 43-டி என்ற பிரிவு சேர்ந்தது. அதன் ஐந்தாம் உட்பிரிவுதான் இன்றைய எல்லாத் துன்பத்துக்கும் வேர். வழக்கு நாட்குறிப்பையோ இறுதி அறிக்கையையோ படித்துப் பார்த்து, குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால் பிணை தரக் கூடாது என்று அது சொல்கிறது. எதிரித் தரப்பில் நாம் எதையும் காட்டுவதற்கு முன்பே, காவல்துறை எழுதிய தாள்களை வைத்தே முடிவெடுக்கப்படுகிறது. 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்குத் தீர்ப்பு இதை மேலும் இறுக்கியது. பிணைக் கட்டத்தில் சாட்சியத்தை அலசிப் பார்க்கக் கூடாது, அதன் போக்கைப் பரந்த அளவில் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது.

இதன் விளைவை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓர் இளைஞரின் வழக்கில் காவல்துறை தயாரித்த கைப்பற்றுதல் மகஜரில் ‘சிவப்பு அட்டை போட்ட புத்தகம் – 1’ என்று ஒரு வரி இருந்தது. தலைப்பு எழுதப்படவில்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. அது என்ன புத்தகம் என்று நான் பிணை மனுவில் கேட்டபோது, அதையெல்லாம் சாட்சி விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. சாட்சி விசாரணை தொடங்க நான்கு ஆண்டுகள் ஆயின. புத்தகத்தை நீதிமன்றத்தில் எடுத்து வைத்தபோது, எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும் பொருளாதார நூல் அது. அட்டையின் நிறத்துக்காக நான்கு ஆண்டுகள் என்று சொன்னால் மிகை என்பீர்கள். மகஜரில் அந்த நூலைப் பற்றி இருந்த ஒரே விவரம் அந்த நிறம்தான்.

ஸ்டான் சாமி அடிகளாரின் கதையை அனைவரும் அறிவார்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் பழங்குடி மக்களோடு வாழ்ந்த அவர், பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று 83-ஆம் வயதில் கைதானார். நடுக்குவாத நோயால் கையில் குவளையைப் பிடிக்க முடியாத அவர், நீர் அருந்த உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. பிணை மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். அன்றைய தேதியில் அந்த வழக்கில் குற்றச்சாட்டுகள்கூட வனையப்படவில்லை.

2021 பிப்ரவரியில் உள்துறை இணையமைச்சர் மாநிலங்களவையில் தந்த விவரப்படி, 2016 முதல் 2019 வரை உபாவில் 5,922 பேர் கைதாகியுள்ளார்கள். அதே காலத்தில் தண்டனை பெற்றவர்கள் 132 பேர். அந்த ஆண்டுகளில் தண்டனை பெற்றவர்கள் அதற்கு முன்பே கைதானவர்களாகவும் இருக்கலாம் என்பதால், ஒன்றை மற்றொன்றால் வகுத்து விழுக்காடு சொல்வது சரியல்ல. ஆனாலும் இந்தச் சட்டத்தில் தண்டனை தீர்ப்பால் வருவதில்லை, பிணை மறுப்பால் வருகிறது என்பதைக் காட்ட இந்த இடைவெளியே போதும்.

கதவு முற்றிலும் மூடியிருக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரியில் நஜீப் வழக்கில், விசாரணை விரைவில் முடியும் வாய்ப்பில்லாமல் நீண்டகாலம் சிறையில் இருப்பவருக்கு, 43-டி(5) இருந்தாலும் அரசமைப்புச் சட்ட நீதிமன்றங்கள், அதாவது உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும், பிணை தரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரள மாணவர்கள் இருவரின் வழக்கில் அதே ஆண்டு அக்டோபரில், தடை செய்யப்பட்ட அமைப்போடு தொடர்பு இருந்தால் மட்டும் போதாது, அதன் செயல்களை முன்னெடுக்கும் நோக்கமும் வேண்டும் என்றது. 2023 ஜூலையில் வெர்னான் கொன்சால்வஸ் வழக்கில், வன்முறையைப் பேசும் நூல்களை வைத்திருப்பதே பயங்கரவாதச் செயலாகாது என்றதோடு, முன்வைக்கப்படும் சாட்சியத்தின் தரத்தை மேலோட்டமாகவாவது எடைபோட வேண்டும் என்றும் சொன்னது. எதிர்த்திசையிலும் தீர்ப்புகள் உண்டு. 2023 மார்ச்சில், தடை செய்யப்பட்ட அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பதே குற்றம் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு கூறி, 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றியது. எந்த அமர்வின் முன் மனு செல்கிறது என்பதைப் பொறுத்து ஒருவரின் விடுதலை அமையும் நிலை, சட்டத்தின் ஆட்சிக்கு நல்லதல்ல.

மனித உரிமைச் செயற்பாட்டாளர்: கைதான முதல் சில நாட்களில் எதை விட்டுவிடக் கூடாது?

முதலில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 43-டி(5)-இன் தடை உபாவின் நான்காம், ஆறாம் அத்தியாயக் குற்றங்களுக்கு மட்டுமே. ‘சட்டவிரோதச் செயல்’ பற்றிய 13-ஆவது பிரிவு மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதற்கு அந்தத் தடை இல்லை. பேச்சுக்கான வழக்குகளில் பல நேரம் 13 மட்டும்தான் போடப்பட்டிருக்கும். ‘உபா’ என்ற பெயரைக் கேட்டதும் குடும்பமும், சில நேரம் வழக்கறிஞரும்கூட, பிணையே கிடையாது என்று மனம் தளர்ந்துவிடுகிறார்கள். முன்பிணை மட்டும் இந்தச் சட்டத்தின் எந்தக் குற்றத்துக்கும் இல்லை.

அடுத்தது கைதுக்கான காரணங்கள். அவற்றை எழுத்தில் தர வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்கில் 2023 அக்டோபரில் சொல்லப்பட்ட இந்த விதி உபாவுக்கும் பொருந்தும் என்று 2024 மே 15 அன்று, செய்தி இணையதள ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரது கைதே செல்லாது என்றது. எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்த படிவத்தில் வரும் வாசகம் போதாது. அந்த மனிதரைக் கைது செய்ததற்கான காரணம் இருக்க வேண்டும். ரிமாண்ட் செய்யும்போதே நீதித்துறை நடுவரிடம் இதைச் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள். பிறகு சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

மூன்றாவது, நாள் கணக்கு. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பிணை உரிமையாகிறது. உபாவில் இதை 180 நாட்கள்வரை நீட்டலாம். ஆனால் அதற்கு அரசு வழக்கறிஞரின் அறிக்கை வேண்டும். புலனாய்வு எவ்வளவு முன்னேறியது, எதிரியை மேலும் காவலில் வைக்க என்ன காரணம் என்று அதில் குறிப்பாக இருக்க வேண்டும். உரிய நீதிமன்றமே அதை அனுமதிக்க வேண்டும். பீமா கோரேகான் வழக்கில் கைதான வழக்கறிஞர் சுதா பரத்வாஜுக்கு 2021 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது, கால நீட்டிப்பை அளித்த நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்ற ஒரே காரணத்தால்தான். கெடு முடிந்த மறுநாள் காலை நீதிமன்றம் திறக்கும்போது உங்கள் மனு அங்கே இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு மனுப் போட்டால் அந்த உரிமை போய்விடும்.

மாணவர் அமைப்பைச் சேர்ந்தவர்: தேசியப் பாதுகாப்புச் சட்டமும் உபாவும் ஒன்றா?

இல்லை. 1980-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் தடுப்புக் காவலுக்கானது. அதில் குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. ஒருவர் இனிமேல் ஏதேனும் செய்யக்கூடும் என்ற முன்கணிப்பில் 12 மாதங்கள்வரை அடைத்து வைக்கலாம். காவல் ஆணையை ஆய்வு செய்யும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. தமிழ்நாட்டின் குண்டர் சட்டமும் இதே வகைதான். ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெரினாவில் மெழுகுவத்தி ஏந்த முயன்றதற்காகத் திருமுருகன் காந்தி 2017-இல் அந்தச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்; சில மாதங்களில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. காவல் ஆணைக்கு எதிரான முறையீட்டை உடனே அனுப்புங்கள். அதைப் பரிசீலிப்பதில் அரசு காட்டும் தாமதமே ஆட்கொணர்வு மனுவில் பல ஆணைகளை வீழ்த்தியிருக்கிறது.

ஓய்வுபெற்ற ராணுவ வீரர்: குண்டு வைத்து மக்களைக் கொல்பவர்களுக்குக் கடுமையான சட்டம் வேண்டாமா? நீங்கள் பேசுவதைக் கேட்டால் அவர்களும் தப்பிவிடுவார்கள் போலிருக்கிறதே.

உங்கள் கேள்வி நியாயமானது, ஐயா. குண்டு வைப்பவரைத் தண்டிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சட்டத்தைத் தளர்த்தினால் உண்மைக் குற்றவாளிக்குத்தான் லாபம் என்ற அச்சத்துக்கு, நம் மண்ணில் நடந்த வழக்கையே பதிலாகச் சொல்கிறேன். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி படுகொலை உண்மையான, கொடூரமான குற்றம். அந்த வழக்கு தடா சட்டத்தில் நடந்தது. காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலம் தடாவில் சாட்சியமாகச் செல்லும். 1998 ஜனவரியில் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடா குறிப்பிடும் பயங்கரவாதக் குற்றமே இதில் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆயினும் தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலங்களை மற்றக் குற்றங்களுக்குச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டு நான்கு பேரின் தூக்கை உறுதி செய்தது. அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வு பெற்ற பின்னர் 2013-இல், தான் வாங்கித் தந்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளன் 2022 மே 18 அன்று, 31 ஆண்டுகளுக்குப் பிறகு விடுதலையானார். ஒரு வரி விடுபட்டதன் விலை அது.

கடுமையான தண்டனை வேறு, கடுமையான நடைமுறை வேறு. தண்டனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நான் எதிர்க்க மாட்டேன். மெய்ப்பிக்கும் சுமையைக் குறைத்து, பிணையை அடைத்து, அந்த நடைமுறையைப் பாடகருக்கும் மீனவருக்கும் சேர்த்துப் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலம் உபாவில் சாட்சியமாகாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தடாவிலிருந்து நாம் கற்ற பாடம் அந்த அளவில் சட்டத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இதோடு ஒப்பிட முடியுமா?

ஒப்பிடலாம், உங்கள் நிலை இன்னும் கடினமானது. 1979-இல் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்ட சட்டம் 1982-இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் தடுப்புக்காவல் ஆணையில் 18 மாதங்கள்வரை வைத்திருக்க முடிந்ததை 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 12 மாதங்களாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் அங்கே சாட்சியமாகும். அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று காட்டும் பொறுப்பு எதிரியின் தலையில் விழுகிறது. பத்திரிகையாளர் ஜே.எஸ்.திசநாயகம் தம் சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளுக்காக 2009 ஆகஸ்ட் 31 அன்று 20 ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை பெற்றார். மறு ஆண்டு பிணையில் வெளிவந்தார், பிறகு மன்னிப்பும் பெற்றார். எழுத்தையே பயங்கரவாதமாகக் கொண்டு தீர்ப்புவரை சென்ற வழக்கு என்பதால், எங்கள் வழக்கறிஞர்களும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி: என் தம்பி இரண்டரை ஆண்டுகளாக உள்ளே இருக்கிறான். எங்களுக்குச் சட்டம் தெரியாது. குடும்பம் என்ன செய்ய முடியும், அண்ணா?

வழக்கறிஞர் செய்ய முடியாத ஒரு வேலையை நீங்கள் செய்ய முடியும், அம்மா. ஒவ்வொரு வாய்தாவையும் எழுதி வையுங்கள். அன்று தம்பியை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார்களா, காணொளியில் காட்டினார்களா, எத்தனை சாட்சிகள் வந்தார்கள், வாய்தா யாரால் தள்ளிப்போனது என்று நான்கு விவரங்கள் போதும். நஜீப் தீர்ப்பைக் காட்டிப் பிணை கேட்கும்போது, தாமதத்துக்குக் காரணம் நாங்கள் அல்ல என்பதை நாள் வாரியாகக் காட்ட வேண்டியிருக்கும். நீதிமன்றக் குறிப்பேட்டில் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று மட்டுமே இருக்கும். சிறை மருத்துவமனைச் சீட்டுகளின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். கட்டணம் கொடுக்க முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். காவலில் இருப்பவருக்கு, எந்தச் சட்டத்தில் கைதாகியிருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு.

என்னிடம் வந்த ஒரு வழக்கில், உங்களைப் போன்ற ஓர் அக்காள், தினசரி நாள்காட்டியில் வாய்தா நாளின் தாளை மட்டும் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் ‘வழிக்காவல் இல்லை, கூட்டி வரவில்லை’ என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்தத் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி, அட்டவணையாகத் தட்டச்சு செய்து, அவருடைய பிரமாணப் பத்திரத்தோடு பிணை மனுவில் இணைத்தோம். அரசுத் தரப்பால் அதில் ஒரு தேதியைக்கூட மறுக்க முடியவில்லை. உங்கள் தம்பியின் அடுத்த வாய்தாவிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். பழைய தேதிகளை நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.